பெலண்டினா கட்டிய ஓலை

புதைகுழியின் மண் காயவில்லை. சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் மெல்கி, செத்த அண்ணனின் மனைவி பெலண்டினாவின் தென்னந்தோப்பில் ஓலை கட்டிவிட்டான்.

எங்கள் தீவில் ஓலை கட்டினால் கட்டியதுதான். இளங்குருத்தைக் கீறி, முடிச்சுப் போட்டு, முன்னோர் பெயரைச் சொல்லி மரத்தில் தொங்கவிட்டால், அந்த இடத்தில் ஒரு தேங்காயைக்கூட எவனும் தொடக்கூடாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவனும் தொடமாட்டான், குடித்துவிட்டுப் போலீஸ்காரனையே அடிக்கிறவனும் தொடமாட்டான். கட்டியவர் கைதான் அவிழ்க்க வேண்டும். மீறினால் வயிறு வீங்கும், படகு கவிழும், பிள்ளை தங்காது. வழக்குத் தீரும்வரை சொத்தை யாரும் சூறையாடாமல் இருக்கட்டும் என்று முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு. அது ஓர் அயோக்கியன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை போலும்.

தோப்பு இருக்கும் நிலம் மெல்கியின் குலத்துக்குச் சொந்தம். பெலண்டினா அதை மறுக்கவே இல்லை. ஆனால் மரம் நட்டவருக்குச் சொந்தம். மண் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு. இது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவள் கல்யாணமாகி வந்தபோது அந்த இடம் வெறும் பவளப்பாறையும் முள்ளுமாகக் கிடந்தது. கணவன் உர்பானுஸ் மீன்பிடிக்கப் போன பகல்களில், கடப்பாறையால் பாறையைக் குத்திக் குழி தோண்டி, கூடையில் மண் சுமந்து வந்து கொட்டி, அவள் ஒற்றை ஆளாக நட்ட கன்றுகள் அவை. உர்பானுஸைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த மரங்கள்தான்.

அவற்றை வெட்டத்தான் மெல்கி குறிவைத்திருந்தான். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கக் குடில் போட வேண்டும் என்று நகரத்து ஆள் ஒருவன் கடலோரத்தில் வெற்றிடம் கேட்டிருந்தான். கொடுக்கிறேன் என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான். பசி தாங்காமல் அவள் ஊரைவிட்டுப் போனதும் ஓலையை அவிழ்த்து மரத்தை வெட்டிவிடலாம் என்பது கணக்கு.

பெலண்டினா நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"மரம் யாரு நட்டது மெல்கி?"

"நீங்கதான் அண்ணி. நான் இல்லைன்னா சொன்னேன்?" அவன் சோபிச் சாராயக் குப்பியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஆனா மண்ணு எங்களுது. மண்ணுல நிக்கிறதும் எங்களுது. அண்ணன் இருந்தாரு, விட்டு வெச்சோம். இனிமே நீங்க உங்கப்பா ஊருக்கே போயிடலாமே? அங்க மரவள்ளிக்கா பஞ்சம்?"

ஊர்த்தலைவர் கொர்னேலிஸிடம் போனாள். "பேசி முடிப்போம்மா, கொஞ்சம் பொறு" என்றார். அடுத்த மாதம் போனாள். கொஞ்சம் பொறு. அதற்கடுத்த மாதமும் அதேதான். அவருக்கு எப்போதுமே பொறுமை அதிகம், அடுத்தவர் வயிறு காய்கிற விஷயத்தில். தேங்காய்கள் தானாக விழுந்து, கிடந்த இடத்திலேயே முளைவிட்டன. தினமும் மரவள்ளிக் கூடையோடு அந்த வழியாகத்தான் அவள் போக வேண்டும். தன் மரத்தடியில் தன் தேங்காய் கிடக்கிறது, குனிந்து எடுக்க முடியவில்லை. ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெல்கியைப் பகைத்துக்கொண்டால் படகில் இடம் கிடைக்காதே!

அந்தப் படகு இல்லாவிட்டால் எங்கள் ஊருக்குக் கை கால் கிடையாது. மாதம் இரண்டு முறை வரும் அரசாங்கக் கப்பல் பாறைகளுக்குப் பயந்து தூரத்திலேயே நின்றுவிடும். கீழ்க்காற்றுக் காலத்தில் சின்ன ஓடங்கள் அலையைத் தாண்டாது. உர்பானுஸும் மெல்கியும் சேர்ந்து கட்டிய அந்த மோட்டார் படகு ஒன்றுதான் தாண்டும். அண்ணன் போன பிறகு மெல்கி அதைத் தனக்கே என்று வைத்துக்கொண்டான். அதற்கும் யாரும் மூச்சு விடவில்லை.

கீழ்க்காற்றுக் காலத்தில் கப்பல் வரும் நாள் ஒன்று விடிந்தது. கொப்பரை மூட்டையும் கோழியுமாகச் சனம் கரைக்கு வந்தபோது, படகின் மூக்கில் ஒரு ஓலை தொங்கியது. முறைப்படி கீறி, முறைப்படி முடிந்த ஓலை. பக்கத்தில் பெலண்டினா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மூட்டைகள் ஒவ்வொன்றாக மணலில் இறங்கின. மெல்கி ஓடி வந்தான்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு அண்ணி? இது என் படகு!"

"இந்தப் பலகை எல்லாம் எந்த மரத்துல அறுத்தது?"

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"நான் பொறந்தப்போ எங்கப்பா, எங்க ஊர்ல, எங்க குலத்து மண்ணுல எனக்குன்னு நட்ட மரம். புருஷன் ஆசையா கேட்டாரேன்னு அறுத்துக்கோங்கன்னு கொடுத்தேன். இப்ப நீ சொல்லு. மரம் நட்டவங்களுக்குன்னா தோப்பு என்னுது. மரம் மண்ணுக்காரனுக்குன்னா, கொடுக்க எனக்கு ஏது உரிமை? படகு எங்கப்பா வீட்டுது. உனக்கு எது வேணும்? ரெண்டையும் முழுங்க உனக்கென்ன ரெண்டு வாயா?"

"இருக்கிற ஒரு வாய்க்கே சோபி பத்தலை" என்றார் பின்னாலிருந்து தீத்துஸ் கிழவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். பல மாதம் கழித்து ஊருக்கு இப்போதுதான் வாய் திறந்தது.

அப்போது கப்பலின் சங்கு ஊதியது. உடனே சிரிப்பு நின்றது. கொப்பரை போட்டவர்கள் பெலண்டினா மேல் பாய்ந்தார்கள்.

"உங்க குடும்பச் சண்டையில எங்க மூட்டை அழுகணுமா? அவிழ்த்து விடும்மா!"

"என் தேங்கா மாசக்கணக்கா அழுகினப்போ உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

கொர்னேலிஸ் கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் பொறு..." என்று தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெல்கியின் மனைவி யாக்கோமினா வந்தாள். நிறைமாதம். இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்க நின்றாள். முந்தைய பிள்ளையை வீட்டிலேயே பெற்று, மறுநாளே புதைத்தவள். இந்த முறை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிமூட்டையோடு வந்திருந்தாள். அவள் அடுத்த கப்பலில்தான் போவாள் என்று பெலண்டினா நினைத்திருந்தாள். வயிற்றைப் பார்த்ததும் ஓலையை அவிழ்க்க எழுந்தேவிட்டாள்.

மெல்கிக்கு அந்த ஒரு நிமிஷம் பொறுத்திருக்கத் தெரியவில்லை. "இவகிட்ட என்ன கெஞ்சறது?" என்று அரிவாளை உருவிக்கொண்டு ஓலை மேல் ஓங்கினான்.

"வெட்டு!" என்று யாக்கோமினா கத்தினாள். "வெட்டிப் பாரு. ஓலை வெட்டின படகுல நான் காலை வைக்க மாட்டேன். ஒரு பிள்ளையைப் புதைச்சது உனக்குப் பத்தலையா? இதையும் இங்கயே, இந்த மணல்லயே பெத்துப் போடறேன். நீயே குழி தோண்டு!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அக்கா, நீ உட்காரு" என்றாள் யாக்கோமினா. "முதல்ல கட்டினவன் முதல்ல அவிழ்க்கட்டும்."

சங்கு இரண்டாம் முறை ஊதியது. மெல்கி அரிவாளைப் போட்டுவிட்டுத் தோப்பைப் பார்த்து ஓடினான். அத்தனை பெரிய மனிதன் அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை. காய்ந்து பழுப்பேறிய தன் ஓலையோடு திரும்பி வந்து, அதைப் பெலண்டினாவின் காலடியில் எறிந்தான்.

"வாயால சொல்லு" என்றாள் அவள்.

"தோப்பு மரம் அண்ணியுது."

"தலைவருக்குக் கேக்கலை."

"தோப்பு மரமெல்லாம் அண்ணியுது! போதுமா?"

அவள் எழுந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். பிறகு யாக்கோமினாவின் தோளைத் தாங்கிப் பிடித்து அவளே படகில் ஏற்றி உட்காரவைத்தாள். மூட்டைகள் ஏறின. ஆட்கள் படகைத் தள்ளினார்கள். மோட்டார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்கி திரும்பிப் பார்த்தான்.

"ஊர் முன்னால என் மானத்தை வாங்கியாச்சு. இப்ப கோபம் தீர்ந்ததா அண்ணி?"

"தீரலை" என்றாள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பெலண்டினா. "உங்கண்ணன் செத்து இத்தனை மாசமாச்சு. நான் இன்னும் ஒரு நாள்கூட உட்கார்ந்து அழலை, தெரியுமா? நீ விடலையேடா! படுத்தா நீ, எழுந்தா நீ. அவரை நெனைக்கவே எனக்கு நேரம் கிடைக்கலை. அதுக்கு என்ன செய்யப்போறே? அதை எங்க போய் அவிழ்ப்பே?"

மெல்கி கயிற்றை இழுத்தான். படகு அலையில் ஏறி இறங்கிப் போனது.

அவள் ஈரச்சேலையோடு நேரே தோப்புக்குப் போனாள். அழத்தான் போனாள். தான் முதலில் நட்ட மரத்தடியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உர்பானுஸின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். மெல்கியின் முகம்தான் வந்தது. மறுபடி நினைத்தாள். மறுபடியும் அந்த முகமே வந்தது. முளைவிட்டுக் கிடந்த ஒரு தேங்காயை எடுத்துப் பாறையில் ஓங்கி அடித்தாள். அது உடையவில்லை. இன்னொரு முறை அடித்தாள்.