எந்த ஊர் சீசன்

1962 கிறிஸ்மஸ் முடிந்த வாரத்தில் யோபு கோழிக்கோட்டுக்குக் கிளம்பினான். அவன் வேலை பார்த்த சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியின் முதலாளி காளிராஜ் அங்கே லோடு இறக்கி வைக்கப் புதிதாக ஒரு கிட்டங்கி பிடித்திருந்தார். சரக்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. எம். புதுப்பட்டி விலக்கில் பஸ் ஏறும்வரை மனைவி பாக்கியவதி கூடவே நின்றாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“எப்ப வருவீக?”

“சீசன் முடிஞ்சதும் ஓடி வந்துருவேன்” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

பாக்கியவதி போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சரவெடி பின்னுகிறவள். ஆடியில் ஆர்டர் குவிய ஆரம்பித்து, தீபாவளிக்குக் கடைசி லோடு ஏறியதும் ஓய்வதுதான் அவள் அறிந்த சீசன். அப்படியென்றால் ஐப்பசி. இனிதான் தை பிறக்கவேண்டும். இவ்வளவு நீளமான பிரிவைச் சிரித்துக்கொண்டு சொல்ல இந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்தது?

அதைக் கேட்கக் கூச்சம். லோடு லாரியில் அவன் கொடுத்தனுப்பிய, விலாசமில்லாத கடுதாசிகளிலும் அதே பேச்சுதான்: சுகம், சீசன் முடிந்ததும் வருகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவன் படுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு ஓரமாகவே பாயில் சாய்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் பக்கம் பாட்டு எழும்போது, அதில் அவன் குரல் இல்லாதது அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்கும்.

பங்குனியில் நாகர்கோவிலில் நர்ஸாக இருந்த அக்கா செல்வமணிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஒத்தாசைக்கு ஆளில்லை. வீட்டுக்காரர் ஐப்பசிக்குத்தானே வரப்போகிறார் என்று, அவனுக்குத் தகவல்கூட அனுப்பாமல் பாக்கியவதி வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள்.

வைகாசிக் கடைசியில் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சாய்ந்து கிடந்த வேலிப்படல் நிமிர்த்திக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் ஓடி வந்தாள்.

“ஏத்தா, இப்ப வாரியே! ஒன் வீட்டுக்காரரு வந்துட்டுப் போயி ஒரு மாசமாச்சு.”

“என்ன சொல்றீக மதினி? அவரு தீவாளிக்குல்ல வாரேன்னாரு?”

“சித்திரையில வந்தாரு. கடுதாசிக்கு முந்தி ஆளே போயி நிப்போம்னு வந்தாராம். ரெண்டு நா இந்த வாசல்லயேதான் கெடந்தாரு. நாகர்கோயிலுக்குப் போயிட்டு வர லீவு பத்தாதுன்னாரு. ஒனக்குன்னு கோழிக்கோட்டு அல்வா வாங்கியாந்தாரு. எறும்பு ஏறிருச்சுன்னு பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்.”

“எதும் சொல்லிட்டுப் போனாரா?”

“அடுத்த சீசன் முடிஞ்சதும் வாரேன்னு சொல்லச் சொன்னாரு.”

“எந்த சீசன்னு கேட்டீகளா?”

“சீசன்னா சீசன்தானத்தா. அதுல என்ன எந்த சீசன்?”

 பாக்கியவதி வேலியோரம் உட்கார்ந்து, அவன் இறுக்கிப் போட்டிருந்த கயிற்று முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தது சின்னத்தாய்தான்.

மறுநாள் சிவகாசிக்குப் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரரு எப்ப வருவாரு முதலாளி?”

“சீசன் முடியட்டும்மா.”

“எந்த ஊரு சீசன்?”

காளிராஜ் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“நீ நம்மூரு கணக்கை நெனச்சியாக்கும்? மலையாளத்துல தீவாளிக்கு அம்புட்டு வெடி போகாதும்மா. சித்திர விசுவுக்குத்தான் வெடிப்பாக. அங்கன அதுதான் சீசன்.”

அவன் ஏன் சிரித்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் சொன்னது சித்திரையை. அவனுக்கு அது கொஞ்ச நாள். யார்மேலும் கோபப்பட வழியில்லாததுதான் பெரிய துக்கமாக இருந்தது.

“அப்ப இனி அடுத்த சித்திரைக்கா?”

“ஆமா. கிட்டங்கியப் பாத்துக்க வேற ஆளு இல்லயேம்மா.”

“கிட்டங்கி அட்ரஸக் குடுங்க. நான் போறேன்.”

“தனியாவா? கூட யாரு வாரா?”

“கூட இருக்க வேண்டிய ஆளு அங்கனதான இருக்காரு.”

மதுரையிலும் போத்தனூரிலும் வண்டி மாறி அவள் கோழிக்கோட்டில் இறங்கியபோது ஆனி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலியங்காடி மார்க்கெட்டில் நாலு பேரை விசாரித்து, முழுக்க நனைந்து, கிட்டங்கி வாசலில் போய் நின்றாள். பெட்டிகள்மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்த யோபு திரும்பினான். மெலிந்திருந்தான். கையிலிருந்த பாயை விட்டுவிட்டான்.

“பாக்கியம்... கதவு பூட்டியிருந்துச்சே” என்றான். 

“நீங்க ஐப்பசிக்கு வருவீகன்னு நெனச்சேன்” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஐப்பசியா! அம்புட்டு நாளுன்னா அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டா பஸ் ஏறியிருப்பேன்?”

“நானும் அதத்தான் நெனச்சு நெனச்சு அழுதேன்.”

அவன் தன் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினான். எதிர்க்கடைக்காரர்கள் பார்த்ததை இருவரும் கவனிக்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை பிடித்தார்கள். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. முதல் பிள்ளை அங்கேதான் பிறந்தது. யோபு இருமினால் கேட்கிற தூரத்தில் இருந்தான். அதற்குமேல் அவளுக்கு வேண்டியதில்லை. ஆனாலும் மழை விடாத நாட்களில், காயாத பிள்ளைத்துணியை அடுப்புக்கு மேலே உதறிப் போட்டுக்கொண்டே, “நம்மூரு வெயிலு ஒரு கை இருந்தா எப்பிடி இருக்கும்!” என்பாள். யோபு ஈரச்சுவரைப் பார்த்தபடி, “ம்” என்பான்.