திருத்திய ரெக்கார்டு நோட்டு

டாக்டர் குருமூர்த்தி டோர்ட்மண்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி ஆராய்ந்துவந்தார். துருவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி தனக்குத் தெரியும் என்பது அவருடைய கணிப்பு. மீதிக் கால்வாசி அவ்வளவு முக்கியமில்லை.

வாசல் அழைப்புமணியில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டிருந்தார். தபால்பெட்டியிலும் போட்டிருந்தார். அடித்தளத்தில் துணி உலர்த்துவதற்கு யாருக்கு எந்த நாள் என்று மாட்டியிருந்த அட்டையிலும், வியாழக்கிழமைக்கு எதிரே, தன் கையாலேயே அதைச் சேர்த்திருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு 1974 மார்ச்சில் ஒரு சோதனை வந்தது. மகள் பாமா ரியால்ஷூலேயில் ஒன்பதாவது படித்தாள். அது பத்தாவது முடித்ததும் தொழில் பழகப் போகிற பிள்ளைகளுக்கான பள்ளி. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதை வேறு. குருமூர்த்தி நண்பர்களிடம் அதை ‘ரியல் ஸ்கூல்’ என்றே சொல்லிவந்தார். மற்றதெல்லாம் பொய்ப் பள்ளிக்கூடம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

அந்தப் பள்ளியில் ஒன்பதாவது வகுப்பைப் பாதியில் நிறுத்தி, மூன்று வாரம் ஏதாவது ஒரு வேலையிடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். வேலை என்றால் என்ன என்று பிள்ளைகள் பார்த்து வரட்டும் என்று. பாமா தனக்கான இடத்தைத் தானே தேடிக்கொண்டாள். சம்மதப் படிவத்தில் அந்தத் தொழிலின் பெயர் ஜெர்மானியர்களுக்கே மூச்சு வாங்கும் நீளத்தில் இருந்தது. ‘ஓர்தோபெடி’ வரை படித்ததுமே குருமூர்த்திக்கு மனம் குளிர்ந்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘ஷூ செய்பவர்’ என்பது வாலில் இருந்தது.

வாலைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி வைதேகி.

“ஏன்னா, செருப்புத் தைக்கிற எடமாமே?”

“செருப்பில்லை. கால் ஊனமானவாளுக்குப் பண்றது. ஆர்த்தோபெடிக்ஸ்.”

“தோல்ல தானே பண்றா?”

குருமூர்த்தி செய்தித்தாளை விரித்துக்கொண்டார். துருவில் இப்படிப்பட்ட கேள்விகள் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான ஹம்மில், நண்பர் ரகுநாதன் வீட்டில் சாப்பாடு. சுற்றுவட்டாரத்தில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடி, யார் எவ்வளவு உயர்ந்திருக்கிறார்கள் என்று ரசத்தோடு சேர்த்து உறிஞ்சிப் பார்ப்பது வழக்கம்.

“பாமா எங்கே டிரெய்னிங் போறா?” என்றார் ரகுநாதன்.

“மெடிக்கல் டிவைஸஸ். பயோமெக்கானிக்ஸ் சைடு.”

“பேஷ்! டாக்டருக்குப் படிக்க வைக்கப் போறேள், அப்படித்தானே?”

குருமூர்த்தி இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். எதிரே பாமா தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்தாள். அப்பளம் முடிந்த பிறகும் விரல்கள் உடைத்துக்கொண்டிருந்தன.

ஆனால் அவள் வேலைக்குப் போன மூன்று வாரமும் வீட்டில் அவள் குரல்தான் கேட்டது. பட்டறை முதலாளி பிரின்க்மன் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார் என்று. பத்தாவது முடித்ததும், அடுத்த வருஷம் ஆகஸ்டில், அங்கே தொழில் பழக ஓர் இடம் இருந்தது. மூன்று பேர் கேட்டிருந்தார்கள். பாமாவும் கேட்டிருந்தாள். “அவர் மார்க் பாக்கமாட்டாராம்பா. தெனம் என்ன பண்ணினோம்னு எழுதற நோட்டைத்தான் பாப்பாராம். எனக்கு அந்த எடம் வேணும்பா. வேற எதுவும் வேண்டாம்.”

நோட்டு என்றதும் குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெக்கார்டு நோட்டு! சென்னையில் படித்த காலத்தில் ரெக்கார்டு நோட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. செய்யாத சோதனைக்கும் முடிவு எழுதி, அந்த முடிவுக்குப் பரிசும் வாங்கியவர்.

“எல்லாத்தையும் எங்கிட்டக் குடு. நான் பாத்து டைப் பண்ணித் தரேன்.”

“எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ, போறும்.”

அவளுடைய ஜெர்மனில் எழுத்துப் பிழை இல்லை. அவருடையதில் உண்டு. அதனால் பிழையை விட்டுவிட்டு விஷயத்தைத் திருத்தினார். சிவப்புப் பேனாவை எடுத்துத் தாள் தாளாக அடித்தார். ஓரத்தில் பாமாவின் எதிர்கால நன்மைக்காகக் குறிப்புகளும் எழுதினார். ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டச்சு செய்யும் ஜெர்மன் பெண்ணுக்குப் புரிந்துவிடக்கூடாது என்று குறிப்புகளை மட்டும் தமிழில் எழுதினார். கடைசி நாள் காலையில், ஆராய்ச்சிக்கூடத்து நீல அட்டை போட்டுக் கட்டிய புத்தகம் பாமாவின் கையில் இருந்தது. அவள் பிரித்துப் பார்ப்பதற்குள் டிராம் வந்துவிட்டது; டிராமில் நிற்கவே இடமில்லை. சிவப்பு மைத் தாள்கள் அப்பாவின் கைப்பெட்டியிலேயே தங்கிவிட்டன.

திங்கட்கிழமை சாயங்காலம் பிரின்க்மன் அப்பாவையும் மகளையும் கூப்பிட்டு அனுப்பினார். சிறு பிள்ளையை வேலைக்கு எடுப்பதானால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். விஷயம் அதுதான் என்று குருமூர்த்தி நினைத்தார். கோட்டும் டையுமாகப் போனார்.

பட்டறை முழுக்கத் தோலும் பசையும் மணத்தன. சுவரோரம் பலகைகளில் மரப் பாதங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு மனிதருடைய பாதத்தின் அச்சு, அடியில் பெயரோடு. ஒன்றுகூட நேராக இல்லை. குருமூர்த்தி எதையும் தொடாமல், கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

பிரின்க்மன் நீல அட்டையைத் திறந்தார். “இரண்டாம் நாள், செவ்வாய். ‘கீழ் உறுப்புக்கான தாங்குதளம் குறைபாடின்றித் தயாரிக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது, பாமா?”

பாமாவின் காது சிவந்தது. “ஒரு அடித்தோலை வீணாக்கினேன். பசையை மாற்றித் தடவிவிட்டேன்.”

“நீதானே என்னிடம் வந்து சொன்னாய்? அதனால்தான் உன்னைப் பற்றி நல்ல எண்ணம் வந்தது. இதில் அது இல்லையே.” அவர் தாளைத் திருப்பினார். “எல்லாமே குறைபாடின்றி நடந்திருக்கிறது. என்னுடைய பட்டறையிலேயே அப்படி ஒரு நாள் நடந்ததில்லை. இங்கே தப்பை மறைத்தால் அதை இன்னொருத்தர் காலில் மாட்டிக்கொண்டு நடப்பார். மறைக்கிறவரை நான் எடுக்க முடியாது. இதை எழுதினது யார்?”

குருமூர்த்தி சொல்ல வேண்டிய வாக்கியம் ரொம்பச் சின்னது. இருபத்தேழு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தன் பெயரை முதலில் போடச் சொல்லிச் சண்டை போட்டவருக்கு, இந்த ஒன்றில் மட்டும் பெயர் போட நா எழவில்லை.

“நான்தான் எழுதினேன்,” என்றாள் பாமா.

பிரின்க்மன் புத்தகத்தை மூடினார். “சரி,” என்றார். அந்தச் சரியில் கோபம்கூட இல்லை. மகள் அவரைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு துண்டுத் தோலை எடுத்து, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். விடைபெறுகிற மாதிரி.

அவர் கைப்பெட்டியைத் திறந்தார். தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இது அவள் எழுதியது. அது… நான் எழுதியது.”

பிரின்க்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஓரிடத்தில் நின்று, வாய்விட்டுப் படித்தார். “‘பெரியவருடைய இடதுகால் குட்டை. சுரங்கத்தில் அடிபட்டதாம். குதியை எட்டு மில்லிமீட்டர் உயர்த்தினோம். கதவு வரை நாலு தடவை நடந்து பார்த்தார். நாலாவது தடவை சுவரைப் பிடிக்கவில்லை.’” நிமிர்ந்தார். “இதை அடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது? எனக்கு உங்கள் எழுத்து தெரியாது.”

பாமா வாயைத் திறந்தாள். குருமூர்த்தி கையை உயர்த்தித் தடுத்தார். அவள் எதையாவது நல்லதாக மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

“‘இது தேவையா?’ என்று எழுதியிருக்கிறேன்.”

“இங்கே?”

“‘கிழவர் கதை வேண்டாம்.’”

“இங்கே செவ்வாய்க்கிழமையில்?”

“‘தப்பை நாமே சொல்லக்கூடாது.’”

“இது? இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.”

குருமூர்த்தி அந்த வரியைப் பார்த்தார். தன் கையெழுத்து இவ்வளவு தெளிவானது என்று அதுவரை பெருமைப்பட்டு வந்தவர். “‘தோல் என்று எழுதாதே.’”

“ஏன்?”

சுவரோரம் எழுபது எண்பது கோணல் பாதங்கள் நின்றன. அவற்றுக்கெல்லாம் காது இருக்கிற மாதிரி இருந்தது.

“எங்கள் ஊரில்,” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். ஊர்மேல் போடுவது சுலபம். ஊர் வந்து இல்லை என்று சொல்லாது. “எனக்கு வெட்கமாக இருந்தது. இவள் செருப்பு வேலை செய்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிவதில். நண்பர்களிடம் வேறு ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன்.”

அவருடைய ஜெர்மனில் இரண்டு பிழைகள் இருந்தன. ஏழு வருஷத்தில் அவர் பேசிய ஜெர்மனில் நேரானது அதுதான்.

பிரின்க்மன் தாள்களை அடுக்கினார். “பாமா, இதை அப்படியே உன் கையால் எழுதிக் கொண்டு வா. தப்போடு. இன்றைக்கு நடந்ததையும் சேர்த்து எழுது. அதற்கப்புறம் ஆகஸ்டைப் பற்றிப் பேசலாம்.” நீல அட்டைப் புத்தகத்தை டாக்டரிடம் நீட்டினார். “இது உங்களுடையது.”

டிராமில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாமா புது நோட்டை மடியில் விரித்து, ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து எழுத ஆரம்பித்தாள். மூன்று நிறுத்தம் போன பிறகு குருமூர்த்தி கேட்டார்.

“ஏண்டி, நீதான் எழுதினேன்னு ஏன் சொன்னே? எடம் போயிருக்குமே.”

“உங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னு.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ரகுநாதன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தான் வாய் திறக்காமல் இருந்ததற்கும் அதே காரணம்தான் என்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். குருமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்; அவரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

“அடுத்த மாசம் ரகுநாதன் மாமா கேப்பாரேப்பா. மெடிக்கல் டிவைஸஸ் எப்படிப் போச்சுன்னு.”

“கேக்கட்டும். செருப்புத் தைக்கிறாள்னு சொல்றேன்.”

“செருப்பில்லைப்பா. ஷூ.”

“ஷூன்னு சொல்றேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “தோல்ல,” என்று சேர்த்துக்கொண்டார். சொல்லிப் பழகுகிறவர் போல.

பாமா எழுதிக்கொண்டே இருந்தாள். பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு வந்திருந்தாள். தலைகீழாகவே அவரால் தன் பெயரைப் படிக்க முடிந்தது. ‘டாக்டர்’ இல்லாமல், வெறும் ‘அப்பா’ என்று. அதற்கப்புறம் நாலைந்து வரிகள் போயின. சட்டைப் பையில் சிவப்புப் பேனா குத்தியது.

“அதெல்லாம் தேவை…” என்று ஆரம்பித்தவர், மகள் தலை நிமிரவும், மீதியை விழுங்கிக்கொண்டார்.