கிட்ட வராதே

கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் முதலாளி, ஷாமிளா கொடுத்திருந்த போத்தல்களைப் பெட்டியோடு திருப்பித் தந்தார். விற்காத சாமானாக இருந்திருந்தால் அவளும் பேசாமல் வாங்கியிருப்பாள். மழை பிடித்தால் கேட்டுக் கேட்டு வாங்கிப் போகிற சாமான் அது.

"கோவிச்சுக்க வேணாம் நங்கி," என்றார் அவர், தங்கையை அழைக்கும் சிங்களச் சொல் கலந்த தமிழில். "கொழும்பு கம்பனி ஆள் வந்தது. இந்தப் பேர் அவங்கடது. உங்கடது வச்சா எனக்கும் கேஸ் போடும் சொன்னது."

அவருக்குப் பின்னால் ராக்கையில் புதுப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. அதே 'கிட்ட வராதே'. வளைந்து நிற்கும் அட்டைப்பூச்சிப் படத்தின் மேல் அதே சிவப்புக் கோடு. மூடி மட்டும் இன்னும் பளபளப்பு.

வேதியியலில் பட்டம் வாங்கி, வேலைக்கு அலைந்து சலித்த நாட்களில் ஷாமிளா கண்டுபிடித்த எண்ணெய் அது. காலில் பூசிக்கொண்டு மலைக்குப் போனால் அட்டை ஏறாது. முதலில் பூசிப் பார்த்தவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அவள் அம்மா மருதாயி. தோட்டத்துக்கு வெளியே விற்கலாம் என்று சொன்னவன் நிரஞ்சன். கூடப் படித்தவன், பஜாரில் பலசரக்குக்கடை வைத்திருப்பவரின் மகன். எண்ணெய் காய்ச்சுவது அவள், கடைகளுக்கும் மலையேற வருகிறவர்களுக்கும் விற்பது அவன். ஒரு நாள் காலில் அட்டை ஏறியதைப் பார்த்து அவன் "கிட்ட வராதே!" என்று துள்ளிக் குதித்தபோது, "இதையே பேரா வெச்சிருவோம்டா" என்று சிரித்தது அவள்தான்.

நிரஞ்சனுக்குப் போன் எடுத்தாள். எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். 'பிறகு பேசுறேன்' என்று செய்தி மட்டும் வந்தது.

அடுத்த நாள் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள். சட்டத்தரணி நூரியாவின் மேசையில், வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கண்ணாடிச் சட்டத்தை வைத்தாள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவு. 'கிட்ட வராதே' என்ற பெயருக்குக் கீழே அவளுடைய பெயர்.

நூரியா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இது நீங்க இந்தப் பேருல வியாபாரம் செய்றீங்க என்றதுக்குத்தான் பதிவு. பேரு உங்களுக்குச் சொந்தம் என்று இது சொல்லாது. அதுக்கு வியாபாரக் குறி பதியணும். அது வேற இடம், வேற சட்டம்."

"கவர்மென்ட் சீல் அடிச்சிருக்கே மிஸ்!"

"அடிச்சிருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவ்வளவு நாளும் சுவரில் மாட்டிப் பெருமையாகப் பார்த்தது எதை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. நூரியா அங்கிருந்தே போனில் விசாரித்துச் சொன்ன செய்தி அதைவிடப் பெரியது. குறியைப் பதிந்தது கம்பனி இல்லை, நிரஞ்சன். தன் பெயரில் பதிந்து, பிறகு கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். எதிர்ப்புச் சொல்லும் தவணையும் கடந்துவிட்டது.

"வழக்குப் போடலாம். கொழும்புலதான். இழுக்கும். உங்க ரெண்டு பேருக்கும் இடையில ஒப்பந்தம் ஏதும் எழுதினீங்களா?"

"கூடப் படிச்சவன் மிஸ். அவன்கிட்டப் போய் என்னத்த எழுதுறது?"

நூரியா பெருமூச்சு விட்டார். "எண்ணெய் எப்படிச் செய்றது என்று அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இனியும் யாருக்கும் சொல்லாதீங்க. உங்க கையில மிஞ்சியிருக்கிறது அதுதான்."

திரும்பும் வழியில் நேரே பஜாருக்குப் போனாள். கல்லாவில் இருந்த நிரஞ்சன் அவளைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தான்.

"ஒனக்குத் துரோகம் பண்ணணும்னு பண்ணல ஷாமிளா. யாராச்சும் முந்திக்குவாங்கன்னு பயந்துதான் பதிஞ்சேன். அடையாள அட்டை கையில இருந்துச்சு, என் பேருலயே போட்டுட்டேன்."

"சரி, பதிஞ்ச. எனக்கு ஏன் சொல்லல? வித்தப்பவாச்சும் சொன்னியா?"

"பேரு என் வாயில இருந்துதானே வந்துச்சு?"

"அட்டைக்குப் பயந்து நீ கத்துன. அதப் பேரா வெச்சது நான்!"

இரண்டு பேரும் அவரவர் சொன்னதைத்தான் உண்மையாக நம்பினார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய் சொல்கிறான் என்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

நிரஞ்சன் குரலைத் தாழ்த்தினான். "கம்பனிக்காரங்க ஒன்னயச் சேர்த்துக்கிறேங்கிறாங்க. எண்ணெய் செய்ற விதத்த மட்டும் எழுதிக் குடுத்தா..."

"அப்ப அவங்க போத்தல்ல இருக்கிறது என்ன?"

அவன் கல்லாவுக்குத் திரும்பிப் போனான். பதில் தோட்டத்திலேயே கிடைத்தது. அந்த வாரமே மலையிலிருந்து இறங்கிய பெண்கள் இரத்தம் வடியும் கால்களோடு அவள் வீடு இருந்த லயத்து வாசலில் நின்றார்கள். "என்னா புள்ள, ஒன் எண்ணெய் இப்பத் தண்ணி மாதிரி இருக்கு? நல்லா வித்ததும் கலப்படம் பண்ண ஆரம்பிச்சிட்டியா?" அது தன்னுடையது இல்லை என்று ஒவ்வொருத்திக்கும் விளக்கினாள். பேரு இருக்கே, படம் இருக்கே என்றார்கள். மருதாயியோடு மலைக்குப் போனவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கம்பனிக்கு எழுதிக் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தாள். புதுப் பேர் தேடிக்கொண்டு மறுபடி நூரியாவிடம் போனாள். 'கிட்டவே வராதே' கூடாது என்றார் அவர், பழையதைப் போலவே இருக்கிறது. 'அட்டை எண்ணெய்' முடியாது, சாமானின் பெயரை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் 'ஷாமி' என்று எழுதினாள். ஏதோ சவர்க்காரத்தின் பெயர் மாதிரி இருந்தது. பிடிக்கவில்லை. ஆனாலும் தன் பெயரிலேயே விண்ணப்பம் போட்டாள். போட்ட பிறகுதான் லேபல் அடிக்கக் கொடுத்தாள்.

கஹவத்தை முதலாளி புதுப் போத்தலை வாங்கி ராக்கையின் ஓரத்தில் வைத்தார். அப்போது மலையேறப் போகிற இளைஞன் ஒருவன் வந்து 'கிட்ட வராதே' கேட்டான். ஷாமிளா முந்திக்கொண்டு சிங்களத்தில், தன்னுடையதைப் பூசிப் பாருங்கள் என்றாள். அவன் போத்தலைத் திறந்து மோந்து பார்த்து, அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"முந்தி வந்த 'கிட்ட வராதே' வாசம் அப்படியே இருக்கே. அதைப் பார்த்துக் காப்பி அடிச்சதா?"

நடந்ததையெல்லாம் சொல்ல அவன் பஸ் காத்திருக்கப் போவதில்லை.

"கையை நீட்டுங்க," என்று மட்டும் சொல்லி, எண்ணெயைச் சாய்த்தாள்.