வலது கையைத் தூக்குங்களேன்

1.

இந்தக் கதை ஒரு வாய்த்துடுக்கில் பிறந்தது. வாய் என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆரம்பம்: ‘செப்டம்பர் வெயிலில் ஏரி வெள்ளித் தட்டாக’ (அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் வெயில் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை.)

மறுபடி. என் கணவர் டார்க்வில் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இடது தோளில் அறுவை சிகிச்சை செய்த பிறகு இது இரண்டாவது சவாரி. ஏரியைச் சுற்றிப் பதினோரு மைல், அரை மணி நேரம். வரும்போது முட்டை வாங்கி வருவதாகச் சொன்னார். போய் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. இன்னும் காணோம். அதனால்தான் எழுதுகிறேன்.

2.

எங்கள் சாலையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வருபவர் ஒதுங்கி நின்றால் கை தூக்கி நன்றி சொல்லியாக வேண்டும். கொலைகாரனைக்கூட மன்னிப்போம், கை தூக்காதவனை மாட்டோம்.*

நேற்று கடையில் எங்கள் ஊர்க்காரி ஊனா பிடித்துக்கொண்டாள். “என்ன இஷ்பெல், உன் வீட்டுக்காரருக்குக் கொம்பு முளைச்சிடுச்சா? செவ்வாக்கிழமை ஒதுங்கி நின்னு வழி விட்டேன். மனுஷன் ஒரு விரலத் தூக்கல!”

எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்தேன்.

“இடது கை மேல வரமாட்டேங்குதுடி. தலைய ஆட்டினேனே!”

“ஹெல்மெட்டுக்குள்ள ஆட்டினா யாருக்குத் தெரியும்? வலது கையத் தூக்குங்களேன்.”

“உத்தரவு, மகாராணி.”

சிரித்தார். நானும்தான்.

(* மிகை. இங்கே கொலைகாரர்கள் இல்லை. கை தூக்காதவர்கள் இருவர் உண்டு. பெயர் ஊருக்கே தெரியும்.)

3.

ஒரு வேன் ஒதுங்கி நிற்கிறது. டார்க்வில் வலது கையை எடுக்கிறார். (ஆக்சிலரேட்டரும் முன்பிரேக்கும் அந்தக் கையில்தான். நேற்று எனக்கு அது உறைக்கவே இல்லை.) எதிரே, ஆடுகள் தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகள். மழையில் நனைந்தவை. முன்சக்கரம்

இல்லை, இதை முடிக்க மாட்டேன்.

வேறு முடிவு: ஊனா வழியில் நிறுத்தித் தன் நாயின் வாத நோயைப் பற்றி விடாமல் பேசுகிறாள். அவள் பேசக்கூடியவள்தான். ஜென்மத்தில் முதல்முறையாக அவள் பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவருடைய போனுக்கு நான்கு முறை அடித்தாயிற்று. ஏரிப் பக்கம் சிக்னல் கிடையாது.

4.

எங்கள் வாசலில் ஆடுகளுக்காகப் பதித்த கம்பிகளும் இப்போது தடதடத்தன. என்ஜின் நின்றது. பைக்கா, காரா? பேனா காகிதத்தில் கீறியதில் சரியாகக் கேட்கவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள்.

இந்தப் பக்கம் யாரும் தட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே உள்ளே வந்துவிடுவார்கள். தட்டுபவர்கள் வெளியாட்கள், அல்லது போலீஸ். இல்லையென்றால் கை நிறைய முட்டையோடு வந்து, பூட்ஸால் கதவை உதைக்கும் டார்க்வில். சத்தம் கதவின் அடியில் கேட்டதா, மேலேயா?

நான் பேனாவைக் கீழே வைக்கமாட்டேன். நீங்கள் போய்த் திறங்கள். அவராக இருந்தால், தலையாட்டினால் போதுமாம் என்று சொல்லுங்கள். ஊனாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.