கம்பளித் தண்ணீர்

கம்பளியைப் பிழிந்துதான் அந்தோனியம்மா தண்ணீர் எடுத்தாள். இங்கிலாந்து மகாராணி இலங்கைக்கு வந்துபோன வருஷத்து ஐப்பசி மழை. ஏழு மாதக்காரி சுகிர்தத்துக்குக் கொழுந்து மலையிலேயே வலி கண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பிள்ளை பிறந்துவிட்டது. அழவில்லை. உள்ளங்கை அளவு நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. ஓடை கால் மைல் கீழே. கூடக் கொழுந்து பறித்த அந்தோனியம்மா, மழைக்குத் தன் தலையில் போட்டிருந்த கம்பளியின் நுனியை முறுக்கினாள். அடுப்புப் புகை நாற்றத்தோடு நீர் பிள்ளையின் உச்சியில் வடிந்தது.

"சூசை, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன்."

பிறகு அந்த நெஞ்சு அசையவில்லை.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்து வாசலில் உபதேசியார் றோலண்ட் நின்றார். ஹட்டனிலிருந்து சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபமும் சாவியும் இவர் கையில். அப்பன் ஜோர்ஜ், பிள்ளையைக் கிடத்திய சவர்க்காரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"ஞானஸ்நானம் இல்லாத புள்ளைய மந்திரிச்ச மண்ணுல வைக்க ஏலாது. வேலிக்கு வெளிய வைங்க."

"நான் குடுத்தேங்க," என்றாள் அந்தோனியம்மா.

"கொழுந்து பறிக்கிறவளுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"நீங்கதாங்க. ஆபத்துல யாரு ஞானஸ்நானம் குடுக்கலாம்னு தவசு காலத்துல கேட்டீங்க. யாரும் குடுக்கலாம்னு நாங்க பத்துத்தரம் கத்துனோம். தப்பாச் சொன்ன இராசம்மாவ முட்டி போட வச்சீங்க."

"இன்னும் வலிக்குதுங்க," என்றாள் பின்னால் மண்வெட்டியோடு நின்ற இராசம்மா.

றோலண்ட் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "அது ஆம்பளைங்களுக்குச் சொன்னது."

"ஞானோபதேசப் புத்தகத்துல ஆம்பளைன்னு போட்டிருக்கா? கக்கத்துலதானே இருக்கு, விரிச்சுப் படிங்க."

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இன்னும் இறுக்கினார்.

"கம்பளி அழுக்குல ஞானஸ்நானமா? சாமி வரட்டும், கேப்போம்."

"சாமி வரப் பன்னெண்டு நாளு இருக்கு. அதுவரைக்கும் பெட்டிய ஒங்க வீட்டுல வச்சுக்கிறீங்களா? கம்பளிதாங்க தோட்டத்துது. தண்ணி மானத்துலேருந்து வந்தது."

தை மாதம் அந்தோனியம்மா மகளின் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசிக்க வேண்டியவர் இதே றோலண்ட்தான். அது அவளுக்கு நினைவு வந்தது. வந்த வேகத்தில் எரிச்சலாகவும் மாறியது. ஜோர்ஜின் இடுப்பிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவினாள்.

வேலி காட்டுச் சூரியகாந்தி. நான்கு வெட்டில் ஆள் நுழையும் வழி விழுந்தது. மஞ்சள் பூக்களை மிதித்துக்கொண்டு முதலில் இராசம்மா நுழைந்தாள். ஜோர்ஜ் பெட்டி இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனான்.

பூட்டிய வாசலில் நின்ற றோலண்டின் கை, சாவியோடு, தொப்பியைக் கழற்றத் தலைவரை போய்ப் பாதியில் நின்றது.