சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கட்டிய பூ

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் செல்போனை எடுத்து வைத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று முடிவானது ஆடி மாதத்தில். கார்த்திகை பிறந்த பிறகும் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. எந்த ஆட்டம் என்று பேசிப் பேசியே சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சுகுணா, பொம்மிடிப் பெண். வைகாசியில் நல்லம்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் கணவர் கலைவாணனுக்கு ஒசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பிவிடுவார். ஒசூரில் வீடு பிடித்து இருவரும் அங்கே இருப்பதாகத்தான் கல்யாணப் பேச்சில் சொன்னார்கள். வந்த பிறகு, "அம்மா மனசு சங்கடப்படும், நேரம் பாத்து நானே பேசறேன், நீ எதுவும் கேட்டுடாத" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்குத் தோட்டத்து வேலை, கூட்டாளிகள். ஆக, பேசுவதற்கு இருந்த ஒரே நேரம் சனிக்கிழமை சாயங்காலம். அதில்தான் ஆட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டால், "ஆட்டம் முடியட்டும், எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது சொல்றேன்" என்பார். ஆட்டம் தொடங்கினால் அல்லவா முடிவதற்கு.

யோசனை நாத்தனார் யுவராணியுடையது. தர்மபுரியில் கல்லூரிக்குப் போகிறாள். ஆட்டங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்ததும் அவள்தான். செஸ் வந்தது. ரெண்டு பேர் ஆடுவதை மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு டிவியே பார்க்கலாம் என்று என் மாமனார் பச்சியப்பன் சொல்லிவிட்டார். பிசினஸ் வந்தது. அதில் ஊர்களை விலைக்கு வாங்க வேண்டும். மாமா தன்னிடம் வந்த நோட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிலவரம் சரியில்லை, இப்போது எதுவும் வாங்குவதாக இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். தாயம் ஆடலாம் என்று நான் சொன்னேன். விளக்கு வைத்த பிறகு வீட்டில் தாயம் உருட்டினால் குடும்பத்தில் சண்டை வரும் என்றார் என் மாமியார் தீர்த்தம்மாள். பரணில் இருந்த கேரம் போர்டை இறக்கினோம். மழைக்கு ஒரு பக்கம் உப்பிப்போய், காய்கள் எல்லாம் தாமாகவே ஒரே மூலைக்கு ஓடின. அதைச் சரிசெய்கிறேன் என்று அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றி ஒரு வாரம் வைத்தார் மாமா. அடுத்த சனிக்கிழமை காய்கள் எதிர்மூலைக்கு ஓடின.

இதற்கெல்லாம் என் கணவர் சொன்ன கருத்து ஒன்றுதான்: "எல்லாருக்கும் எது சரியோ அதுவே எனக்கும் சரி." ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகவும் இதையே சொல்வார். அதனால் மாமா தன் பக்கம் மகன் இருப்பதாக நினைப்பார், யுவராணி தன் பக்கம் அண்ணன் இருப்பதாக நினைப்பாள். நான் சமையல்கட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

கார்த்திகை முதல் சனிக்கிழமை யுவராணி லூடோ வாங்கி வந்தாள். அதுவும் உருட்டுவதுதானே என்றார் அத்தை. பிளாஸ்டிக் கட்டைக்கு அந்தச் சாத்திரம் கிடையாது என்றாள் மகள். உப்பிய போர்டிலேயே கேரம் ஆடுவோம், இரண்டு பக்கத்துக்கும் ஒரே நஷ்டம்தானே என்றார் மாமா. பேச்சு முற்றியது. கடைசியில் அத்தை எழுந்தார்.

"சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துரலாம்."

இந்த வீட்டில் அது புதிதில்லை. போர்வெல் எங்கே போடுவது என்பதிலிருந்து யுவராணியை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதுவரை பூதான் முடிவு செய்திருக்கிறது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை ஒரு பொட்டலத்திலும் மடித்து, சாமி படத்தின் முன்னால் வைத்து, மனதில் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் உத்தரவு, பிறகு அப்பீல் இல்லை. ஆனால் லூடோவா கேரமா என்று குலசாமியைக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

அத்தை நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துவந்து வெற்றிலையில் மடித்தார். வெள்ளை வந்தால் கேரம், சிவப்பு வந்தால் லூடோ. வீட்டுக்கு வந்த பெண் எடுக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் கணவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இன்றைக்கும் அவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த முகம் சொன்னது.

ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பிரிக்கவில்லை.

"அத்தே, நான் ஆட்டத்த நெனச்சு எடுக்கலைங்க. ஒசூருக்குப் போறத நெனச்சு எடுத்தேன். வெள்ளைன்னா அவரோட போறேன். சிவப்புன்னா இனிமே அதப் பத்திப் பேச மாட்டேன்."

அத்தை என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். செவ்வரளி.

அழக்கூடாது என்று தரையைப் பார்த்தேன். அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். முதல் தடவை எடுப்பது கணக்கில் வராது, மூன்று தடவை பார்ப்பதுதான் முறை என்றார். அப்படி ஒரு முறையை அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நீ சும்மா இருடா" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஆட்டத்துக்குன்னு நான் வேண்டிக் கட்டுன பூவு இது. இதுல உன் குடித்தனத்தக் கேட்டா சாமி எப்பிடி பதில் சொல்லும்? இது லூடோவுக்கு வந்த பூவு."

"அப்ப உங்களையே கேக்கறேங்க அத்தே. நான் ஒசூர் போகட்டுங்களா?"

"போயேன். நானா புடிச்சு வெச்சிருக்கேன்? ஆவணியிலயே இவன்கிட்ட சொன்னேன், அவளயும் இட்டுனு போடான்னு. சுகுணாவுக்கு இந்த வூடுதான் புடிச்சிருக்கு, ஒசூருன்னாலே அவளுக்கு ஆகாதுன்னான்."

எல்லோரும் ஒரே நேரத்தில் என் கணவரைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா, நீ வாய்க்குச் சொல்றியா மனசாரச் சொல்றியான்னு தெரியல. இவளும் வந்து, நாளைக்கு அந்த ஊரு ஒத்துக்கலன்னு சொல்லிட்டா? ரெண்டு பேருக்குமே சங்கடம் ஆயிடக் கூடாதேன்னுதான்..."

"சங்கடம் ஆகலடா சாமி" என்றார் மாமா. "அஞ்சாறு மாசமா ரெண்டு பொம்பளைங்களும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்."

அது உண்மை. அத்தை என்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நானும், மகனைத் தனியாகச் சாப்பிட விட்டுவிட்டு இங்கே சொகுசாக இருக்கிறாள் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மோரில் உப்பு கூடிய நாளில்கூட அதை மனதில் வைத்துத்தான் பேசிக்கொண்டோம்.

லூடோ அட்டையை விரித்தோம். நான்கு நிறம், நாங்கள் ஐந்து பேர். யார் வெளியே உட்காருவது என்று யுவராணி கேட்டாள். இந்த ஒரு விஷயத்தில் அந்த வீட்டில் கருத்து வேறுபாடே வரவில்லை. என் கணவர் நாங்கள் ஆடி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் காய்களை ஈவு இரக்கமில்லாமல் வெட்டினார்.

திங்கட்கிழமை நானும் கிளம்பினேன். வீடு கிடைக்கும்வரை அவருடைய அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை ராகி மாவும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாலக்கோடு வழியாக ஒசூர் போகும் வண்டி ஒன்று நின்றது, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் வண்டி ஒன்று நின்றது. அவர் இரண்டுக்கும் நடுவில் பையுடன் நின்றார். பாலக்கோடு வழியாகப் போனால் நெரிசல் இருக்காது, கிருஷ்ணகிரி வழியாகப் போனால் ரோடு நன்றாக இருக்கும், உனக்கு எது வசதி என்று என்னைக் கேட்டார். கண்டக்டரையும் கேட்டார்.

எந்த வண்டியை முதலில் எடுத்தார்களோ அதில் நான் ஏறி உட்கார்ந்தேன். அது நகர ஆரம்பித்த பிறகு அவர் ஓடிவந்து ஏறினார்.