மிளகாய் இரண்டாம் பாகமும் அண்ணனின் அபிப்பிராயமும்

சனிக்கிழமை காலை சவுசவு ஊர்ச் சந்தைக்குள் லைசானி நுழைந்ததுமே மரவள்ளிக்கிழங்கு விற்கிறவள், கூறு கட்டும் கையை நிறுத்தாமல், முதல் பாகம்தான் நன்றாக இருந்தது என்றாள். பக்கத்து மேசைத் தேங்காய்க்காரர் பலமாகத் தலையாட்டினார். அவர் முதல் பாகத்தைப் பார்க்கவே இல்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த மாதம் முழுக்க மகள் பிரசவத்துக்காகத் தலைநகர் சுவாவில் இருந்தார் மனிதர். இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்துவிட்டால் முதல் பாகத்தைப் புகழ அதைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை போலிருக்கிறது.

‘கான்ஸ்டபிள் மிளகாய் 2’ முந்தின நாள் சாயங்காலம்தான் டவுன் ஹாலில் ஓடியது. இன்றைக்கு இன்னொரு காட்சி பாக்கி. லைசானி கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் வீடியோ எடுக்கிறவள். அதே கேமரா, துடைப்பக் கட்டையில் கட்டிய மைக், தேவாலயப் பாடகர் குழுவில் யாருக்கு நேரம் ஒழிகிறதோ அவர்கள் என்று இரண்டு பாகங்களையும் எடுத்து முடித்திருந்தாள். மூன்றே பேர் மீசையை மாற்றி மாற்றி எல்லாத் திருடர்களாகவும் வந்தார்கள். போலீஸ்காரர்கள் காற்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் கட்டுகிற சூலுவின் ரம்பப்பல் விளிம்பை அவளே சமையல்கட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினாள், அதனால் பற்கள் ஒரு பக்கம் பெரிசும் ஒரு பக்கம் சிறிசுமாக இருந்தன. பெர்மலின் டாக்சிதான் போலீஸ் ஜீப். மொத்தப் படத்திலும் தன் வண்டி ஒன்றுதான் ஒழுங்காக நடித்தது என்று பெர்மல் டாக்சி ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாலில் போட்ட கையோடு படத்தை ஃபேஸ்புக்கிலும் ஏற்றியிருந்தாள். அங்கே வெளியூர்க்காரர்களின் ராஜ்யம். வெளிச்சம் போதவில்லை, கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தும் திருடன் யாரென்று தெரியவில்லை என்று சிட்னியிலிருந்து ஒருவர் வருத்தப்பட்டார். முதல் மூன்று காட்சிகளில் திருடனைத் துரத்துகிற நாய், நான்காவது காட்சியில் அதே திருடன் வீட்டு வாசலில் படுத்திருக்கிறதே, லஞ்சம் வாங்கிவிட்டதா என்று லம்பாசாவிலிருந்து ஒரு பெண் கேட்டாள். அதற்கு மட்டும் அறுபது பேர் சிரித்திருந்தார்கள். லைசானியும் சிரித்தாள். திட்டுகிறவர்கள் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை. ஊர் முழுக்க வாயைத் திறந்தாகிவிட்டது. அவள் கேட்கக் காத்திருந்த ஒரே ஒரு அபிப்பிராயம் மட்டும் வரவில்லை.

விஷயம் கடைசித் துரத்தல் காட்சியில் இருந்தது. மிளகாயாக நடித்த எரோனி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், படம் எடுத்த அன்றைக்கு ஒரு நடை நடந்தான். மோவாயைத் தூக்கி, இடது கையால் சூலுவின் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையிடம் அனுமதி கேட்பதுபோல நின்று நின்று நடந்தான். முந்தின நாள் அது ஹால் திரையில் வந்தது. கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அது சவுசவு ஸ்டேஷன் கார்ப்பரல் வைசாக்கேயின் நடை. வைசாக்கே லைசானியின் கூடப்பிறந்த அண்ணன். அன்றைக்கு ஹால் வாசலில் காவலுக்கு நின்றவனும் அவன்தான்.

எரோனி செய்தது தப்பே இல்லை. அவன் தாய்மாமன் மகன், வைசாக்கேக்கு மச்சான். மச்சானை மச்சான் கேலி செய்யாவிட்டால்தான் ஊரில் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். ஆனால் தங்கை கதை வேறு. வயசுக்கு வந்த நாளிலிருந்து லைசானி அண்ணனோடு முகம் பார்த்துப் பேசியதில்லை, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அவனைப் பற்றி ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொன்னதில்லை. அவர்கள் முறையில் அது கோபமில்லை, மரியாதை. அதற்காகப் பாசம் குறைந்துவிடவுமில்லை. பெண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைவதா என்று பெரியப்பாமார்கள் முறைத்த காலத்தில், வைசாக்கே ஒன்றும் பேசாமல் அவளுடைய கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கல்யாணங்களுக்குப் பின்னாலேயே வந்தான். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட அண்ணனை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே என்று லைசானி தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்டி ஒட்டும்போது அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் அவள்தான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டவளும் அவள்தான். கேலி எரோனியுடையது என்று அப்போது தோன்றியது. நடந்தது மச்சான், ஆனால் ஊருக்குக் காட்டியது தங்கை, அப்படியென்றால் கேலி யாருடையது என்று ஃபேஸ்புக்கில் ஒருவர் கிளப்பிவிட, படத்தை விட்டுவிட்டு எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். லண்டனில் பட்டாளத்திலிருக்கும் பையன்கள்கூட முறை பேசினார்கள்.

காலையில் அண்ணி உனைசியிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் வந்தார், டீ குடித்தார், செருப்புக்கு பாலிஷ் போட்டார், படுத்துவிட்டார் என்றாள் உனைசி. சிரித்தாரா, முறைத்தாரா என்று லைசானி விடவில்லை.

“உங்கண்ணன் மூஞ்சியில அதெல்லாம் தெரியற மாதிரியா படைச்சிருக்கான் கடவுள்? பதினெட்டு வருஷமா நானே தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

அதனால்தான் லைசானி இப்போது காணிக்கையாக வைக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு சந்தைக்கு வந்திருந்தாள். காட்சியை வெட்டிவிடுவது, வேரை எரோனி கையில் கொடுத்து அண்ணன் முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது என்று முடிவு. அவளே போய்க் கேட்க முறையில்லை. எரோனி சேப்பங்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் அத்தையின் கடையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பள்ளிப் பெண்களுக்கு மிளகாயாகச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டான்.

“மச்சானைக் கிண்டல் பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? அப்புறம் என் வம்சத்துல எவனும் வெளிய தலகாட்ட முடியாது. வேற ஆளப் பாரு.”

“எனக்காகக் கேளுடா. உனக்காக இல்ல.”

“அந்த சீன் இல்லேன்னா அந்தப் படத்துல என்ன இருக்கு, லைசானி? நாய்தான் இருக்கு.”

அது உண்மை என்பதால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோது மீன் மேசைகள் பக்கம் ஒரு சலசலப்பு. வைசாக்கே சீருடையில் வந்துகொண்டிருந்தான். கையில் ஓலையில் கோத்த இரண்டு மீன்கள். லைசானி சட்டென்று திரும்பி, சேப்பங்கிழங்கில் ஏதோ பழுது தேடுகிறவள்போல நின்றாள். அவளிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று, அவள் இருப்பதையே பார்க்காதவன்போல அவன் எரோனியிடம் பேசினான்.

“படம் எடுத்தவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்டா.”

எரோனி முறைப்படி அவள் பக்கம் திரும்பினான். “லைசானி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

“வெட்டிடறேன்னு சொல்லு” என்றாள் அவள் கிழங்குகளைப் பார்த்து. “இன்னிக்கு ஆட்டத்துல அது இருக்காது. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு.”

எரோனி அண்ணன் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் வைசாக்கே கையை உயர்த்தினான், லாரியை நிறுத்துகிற அதே கை.

“வெட்டக் கூடாதுன்னு சொல்லு.” அவன் மீன்களைத் தூக்கிக் காட்டினான். “நம்ம ஊருக்கே மாத்தலாகித் திரும்பி வந்து ஒம்போது வருஷம் ஆச்சு. நான் சந்தைக்குள்ள வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திடுவாங்க. தராச ஒளிச்சு வைப்பாங்க. இன்னிக்கு ஒருத்தரும் பேச்ச நிறுத்தலடா. மீன்காரம்மா கூப்பிட்டு, மிளகா வாடான்னு சொல்லி இதக் கையில குடுக்கறா.”

லைசானிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷத்தில் அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சந்தையே வேலையை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்ப படம் புடிச்சிருந்துச்சா மச்சான்?” என்றான் எரோனி.

“முதல் பாகம்தான் நல்லா இருந்துச்சு.”

தேங்காய்க்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். எரோனி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெட்டிமேல் சாய்ந்தான். ஆனால் வைசாக்கேக்கு இன்னும் பாக்கி இருந்தது. அவன் சீருடைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நடையில் தப்பு இருக்கிறது, மூணாவது பாகத்திலாவது திருத்தச் சொல் என்றான். எரோனி இடது காலை முன்னால் வைக்கிறானாம், தான் எப்போதும் வலது காலைத்தான் வைப்பதாம். எரோனி அதெல்லாம் இல்லை, தான் பிறந்ததிலிருந்து பார்த்த கால் அது என்று சண்டைக்கு நின்றான். கிழங்குக்காரி இடது என்றாள், பெர்மல் டாக்சி ஸ்டாண்டிலிருந்தே வலது என்று கத்தினார். பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

“நகருங்க. நடந்தே காட்டறேன்” என்றான் வைசாக்கே.

மீன்களை எரோனி கையில் கொடுத்துவிட்டு, மோவாயைத் தூக்கி, சூலுவின் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிழங்கு மேசையிலிருந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி அவன் புறப்பட்டான். படத்தில் இருந்ததைவிட மெதுவாக, படத்தில் இருந்ததைவிடப் பெருமையாக, ஒவ்வொரு அடிக்கும் நின்று, தரை சரியென்று சொன்ன பிறகு அடுத்த அடி. பின்னாலேயே எரோனி, இரண்டு மீன்களும் ஆட, அவன் காலைப் பார்த்துப் பார்த்து நடந்தான். லம்பாசா பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் வெளியே வந்தன. சந்தை சிரித்த சிரிப்பில் வைசாக்கே ஒருமுறைகூடத் திரும்பவில்லை, ஆனால் தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின.

அண்ணனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. லைசானி அவனுக்கு முதுகைக் காட்டியபடியே, சேப்பங்கிழங்குத் தண்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். வலது கை மட்டும் தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. அதிலிருந்த போன், எதைப் பிடிக்கிறோம் என்றே தெரியாமல் ஆடிக்கொண்டு, அவன் நடக்கிற திசையைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.